பெருக்கிய கடற்கரை

பதினோரு வருடப் பழக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக நீட்டாத மனிதர், படகுத்துறையில் எனக்காகக் குதிரையோடு நின்றால் சந்தேகப்படாமல் என்ன செய்வது?

தீவில் அவரைக் கேப்டன் என்பார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் கேரம் அணிக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது முழங்கால் வரை பூட்ஸ், நான்கு குதிரைகள், கடலோரச் சவாரி. நான் வனத்துறையில் உயிரினங்களைக் கணக்கெடுப்பவன். அந்தக் கரையில் ஆமை முட்டையிடுகிறது என்று நான் ஒரு வரி எழுதினால் போதும், மணலில் குளம்பு படக்கூடாது, சவாரிக்கு மூடுவிழா. இது இருவருக்கும் தெரியும். அதனால் இருவருமே ஆமை என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

"ஏறுங்க தம்பி, பூ மாதிரி போகும்."

பூ என் தொடையை உரித்தது.

"அதோ மான்! எழுதிக்குங்க. அதோ உடும்பு, வாலோட சேத்து எழுதிக்குங்க!"

மூன்று மணி நேரம் காட்டுக்குள்ளேயே சுற்றினோம். தீவில் ஒருவனுக்குக் கடலைக் காட்டாமல் ஊர் சுற்றிக் காட்டுவது சாதாரணத் திறமை இல்லை.

மதியம் கேப்டன் வீட்டில் அவருடைய இரண்டு நண்பர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், மற்றவர் ஓய்வு பெற்ற நீதிபதி. இருவரும் தினசரிச் சவாரிக்காரர்கள்.

"உங்க நேர்மையைப் பத்திக் கேப்டன் நிறையச் சொல்லியிருக்கார்" என்றார் நீதிபதி.

நம் நேர்மையை ஒருவர் நிறையப் புகழ்ந்தால், அதற்கு லீவு கொடுக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். "தேநீரைக் கடற்கரையில குடிக்கலாமே" என்றேன். கேப்டனுக்குப் புரை ஏறியது.

கரையைப் பார்த்ததும் என் சந்தேகம் இரட்டிப்பானது. நாற்காலி போட்ட இடத்திலிருந்து அலை வரைக்கும் மணலில் ஒரு தடம் கிடையாது. சீப்பால் வாரியதுபோல வரிவரியாக இருந்தது.

"கடற்கரையைக்கூடப் பெருக்குவீங்களா அண்ணி?" என்று கேப்டன் மனைவியைக் கேட்டேன்.

"சுத்தம் சோறு போடும்ல தம்பி. தினமும் விடியக்காலைல நான்தான்" என்றார், கணவரைப் பார்த்தபடி.

மேகம் கவிந்து இருட்டியது, மணல் குளிர்ந்தது. கேப்டன் என்னைக் கிளப்புவதற்காக எழுந்தபோது, அவர் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி மணல் கொதிப்பதுபோல அசைந்தது. கருப்பாக ஒன்று தலை நீட்டியது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியாத அளவு.

"நண்டு" என்றார் கேப்டன்.

"நண்டேதான்" என்று தீர்ப்பளித்தார் நீதிபதி.

"நண்டு பக்கவாட்டுலதானே..." என்று ஆரம்பித்த டாக்டர், நீதிபதியின் முறைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வாரிய மணலில் ஒவ்வொரு குஞ்சும் தன் தடத்தை அச்சடித்தது போலப் பதித்துக்கொண்டு போனது. அதில் ஏழெட்டு மட்டும் கடலை விட்டுவிட்டு, கரையோரக் குதிரை லாயத்தின் விளக்கைப் பார்த்துத் திரும்பின. அங்கே நான்கு குதிரைகள் கால் மாற்றிக்கொண்டு நின்றன.

"ஏய், அந்தப் பக்கம் இல்லடா!" கேப்டன் பாய்ந்தார். "லைட்டை அணைடி!" தொப்பியில் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு அலைக்கு ஓடினார்.

"போன தடவையும் இதே கூத்துதான்" என்றார் அண்ணி நிதானமாக. "நூத்திப் பன்னெண்டுல ஒண்ணைக்கூட விடாம கடல்ல சேத்தாரு இவரு."

நீதிபதி தன் கோப்பைக்குள் பார்த்தார். தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, சவாரியை மறந்து நடந்தே போனார்; டாக்டரும் பின்னால்.

கேப்டன் நனைந்த பூட்ஸோடு திரும்பி வந்தார். "எழுதித்தான் ஆகணுமா தம்பி?"

"எத்தனை அண்ணே?"

தண்ணீரைப் பார்த்தார், லாயத்தைப் பார்த்தார். "எண்பத்து மூணு" என்றார். எழுதினேன்.

படகுத்துறைக்கு எனக்குக் குதிரை கிடைக்கவில்லை. அண்ணி மட்டும் வாசல் வரை வந்தார். போன தடவைக் கணக்கை அவர் வாய் தவறித்தான் உளறினார் என்று வழியில் நினைத்திருப்பேன், கதவைச் சாத்தும்போது அவர் இப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்:

"ரொம்ப நன்றி தம்பி. நாளைக்காவது ஏழு மணி வரைக்கும் தூங்கலாம்."