ஏழாம் எண் வாசல்

காலை பத்து மணிக்கு மாடி அறையின் ஏ.சி.யைப் பதினாறில் வைத்துவிட்டு, இரும்பு அலமாரியிலிருந்து கம்பளிக் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார் துரை. அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருவார். மேல் பொத்தான் ஏறும்போது முகத்தில் சிரிப்பு துளியும் மிச்சம் இருக்காது. அதன்பிறகு அரைமணி நேரத்துக்கு அவர் ஐரோப்பாவிலிருந்து வந்த வியாபாரி. வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார். உட்காருங்கள் என்று வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டார். அந்தக் குளிரிலும் எதிரே இருப்பவருக்கு வேர்த்துக் கொட்டும்.

ஏற்றுமதி உதவி மையம் என்று வாசலில் பலகை. பை தைக்கிறவர்கள், மெழுகுவத்தி வார்க்கிறவர்கள், தேன் எடுக்கிறவர்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சின்ன அளவில் தொழில் நடத்துகிறவர்களை ஐரோப்பியச் சந்தையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அங்கே வேலை. எதை எந்தப் பரிசோதனைக்கு அனுப்புவது, பெட்டியில் என்னென்ன அச்சடிப்பது, எந்தத் தாளில் யார் கையெழுத்து என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஐரோப்பாவில் நடக்கிற பெரிய வணிகக் கண்காட்சிக்குப் பத்துப் பேரை மேலாளர் அழைத்துப் போவார். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளரும் போவார். போகிறவர்கள் முதலில் துரையிடம் வந்து அடி வாங்கியாக வேண்டும். கடல் தாண்டிப் போய் வாயடைத்து நிற்பதைவிட இவர் முன்னால் நின்று பழகட்டும் என்று பதினொரு வருடங்களுக்கு முன் செய்த ஏற்பாடு. பொருளைப் புரட்டிப் பார்ப்பார், மூக்கைச் சுருக்குவார், குறுக்குக் கேள்வி கேட்பார், கடைசியில் நூற்றுக்கு மதிப்பெண் போடுவார். அறுபது வந்தால் விமானம் ஏறலாம்.

துரை ஐரோப்பாவுக்குப் போனதே இல்லை. அது அலுவலகத்தில் நாலைந்து பேருக்குத் தெரியும், வெளியில் ஒருவருக்கும் தெரியாது. போய்விட்டுத் திரும்புகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தோண்டித் தோண்டிக் கேட்டுத்தான் அந்த வியாபாரியை அவர் உண்டாக்கியிருந்தார். அந்த ஆள் முதலில் பொருளைத் தொட்டாரா, விலையைப் பார்த்தாரா? பேசாமல் இருந்தாரென்றால் எவ்வளவு நேரம்? அப்போது கண் எங்கே இருந்தது? இப்படிக் கேட்டுக் கேட்டு அந்த ஊரே அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. ரயில் எந்த நடைமேடையில் நிற்கும், கழிப்பறைக் கதவு எந்தக் காசுக்குத் திறக்கும், கண்காட்சிக்கு எந்த வாசல் வழியாகப் போனால் வரிசை குறைவு, எல்லாம் சொல்வார். "மூணாம் நம்பர் வாசலுக்குப் போயிடாதீங்க, மிதிச்சே கொன்னுடுவாங்க. ஏழாம் நம்பர் வாசல். நடை ஜாஸ்திதான், ஆனா நிம்மதியா உள்ள போகலாம்." கேட்கிறவர்கள் அசந்துபோய், "நீங்க எத்தனை தடவை சார் போயிருக்கீங்க?" என்பார்கள். "அதையெல்லாம் எண்ணிக்கிட்டா இருக்க முடியும்?" என்று துரை ஏதாவது காகிதத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

ஒரே ஒருமுறை கிளம்பியிருக்கிறார். முதல் வருடம். விசாகூட வந்து ஒட்டியாகிவிட்டது. பாதி மாதச் சம்பளத்தைக் கொட்டி இந்தக் கோட்டை வாங்கினார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, மேலிடத்தில் யாரோ ஒருவருக்கு அந்த இடம் தேவைப்பட்டது. கோட்டு மட்டும் மிஞ்சியது. வீட்டில் தொங்கவிட்டால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது என்று அலுவலகத்துக்கு எடுத்து வந்தார். வியாபாரி வேஷத்துக்குப் பொருத்தமாக இருந்ததால் அதற்கும் ஒரு வேலை கிடைத்தது. வயதானால் ஆசை தானாக அடங்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தார். அடங்கவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் முழங்கால் வலியையும் சர்க்கரையையும் பற்றிப் பேசுகிற வயதில், அவர் கண்ணால் பார்க்காத ஒரு ரயில் நிலையத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் காலாவதியானபோது ஒருவாரம்கூடத் தாமதிக்காமல் புதுப்பித்துக்கொண்டார்.

இந்த வருடம் ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். பத்தாவது இடத்துக்கு வந்த நான்கு பேரில் மூன்று பேர் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. மிச்சம் ஒரு பெண்மணி, மரச்சீப்புப் பட்டறைக்காரர். போன வாரம் மேலாளர் துரையின் மேஜையில் சாய்ந்து நின்றார்.

"அந்தம்மாவும் தேறலைன்னா டிக்கெட் வீணாப் போயிடும். நீங்களே வந்துடுங்க துரை. மார்ச்சோட ரிட்டையர் ஆகுறீங்க. எத்தனை பேரை அனுப்பி வெச்சிருக்கீங்க, ஒரு தடவை பாக்க வேண்டாமா?" பிறகு குரலைத் தணித்து, "மார்க் போடுறது உங்க கையில. நான் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே ஆசைப்பட்டுத்தான் சொன்னார். துரை அதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார். மறுநாள் மாலை போனபோது கட்டில்மேல் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை இருந்தது.

"இது எதுக்கு இப்ப?"

"சும்மா கெடக்கட்டுமே. தள்ளுபடியில போட்டிருந்தான்" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

இன்று கோட்டின் மேல் பொத்தான் ஏறிய கொஞ்ச நேரத்தில் சீப்புக்காரம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். புடவை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரும் சொல்வதற்குள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். நகக்கண்ணில் மரத்தூள் இருந்தது. கீழே வரவேற்பில் அவர் சொல்லியிருந்த விவரம் துரையின் கையில் இருந்தது. பட்டறையில் ஆறு பேர். மூன்று இயந்திரம். உள்ளூர்க் கடைகளில் பிளாஸ்டிக் சீப்பை அட்டையோடு வரிசையாக மாட்டிவிட்டார்கள். வெளியே விற்க வழி கிடைக்காவிட்டால் ஆறு பேரையும் வைத்துக்கொள்ள முடியாது. துரை அந்தக் கடைசி வரியைப் படிக்காததுபோல் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

அந்தம்மா கொண்டுவந்திருந்த சீப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பற்களில் விரலை ஓட்டினார். ஒரு பிசிறு இல்லை. சீப்புக்காரம்மாவின் பார்வை சீப்பிலிருந்து வியாபாரியின் வழுக்கைத் தலைக்குப் போய், சட்டென்று மேஜைக்கு இறங்கியது.

"என் தலையைப் பார்த்து என்ன நினைத்தீர்கள்?" என்றார் துரை. அந்த அறையில் அவர் அச்சடித்த மாதிரிதான் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாக வருகிற பேச்சு அப்படித்தான் இருக்கும் என்பது அவர் முடிவு.

"வீட்டம்மாவுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன் சார்."

துரைக்குச் சிரிப்பு வந்தது. உள்கன்னத்தைக் கடித்து நிறுத்தினார். இந்த மரத்தை வெட்டியது யார், எந்த நிலத்தில், யார் அனுமதியோடு? அந்தம்மா ஒரு கோப்பைப் பிரித்துத் தோட்டக்காரர் கையெழுத்தையும் மரம் நின்ற இடத்தின் வரைபடத்தையும் எடுத்து வைத்தார். பல் உடைந்தால்? "ஒடைச்சுப் பாருங்க சார்." துரை இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் பார்த்தார். விரல்தான் வலித்தது. விலை என்ன? சொன்னார். துரை சீப்பை மேஜையில் வைத்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

இதுதான் அவருடைய பெரிய ஆயுதம். அங்கே அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம், விலையைக் கேட்டுவிட்டு வாயைத் திறக்கவே மாட்டார்களாம். நம் ஆட்களுக்கு எதிராளி பேசாமல் இருந்தால் தாங்காது. முதல் பத்து நொடியில் பத்து சதவீதம் குறைப்பார்கள், அடுத்த பத்து நொடியில் இன்னொரு பத்து. போன வாரம் வந்த ஒருவர், துரை வாயே திறக்காமல், பாதி விலைக்கு வந்துவிட்டுக் கண்கலங்கினார். சீப்புக்காரம்மா சீப்பை எடுத்தார். அதில் பதிந்திருந்த துரையின் விரல் ரேகையை முந்தானையால் துடைத்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. இந்தம்மா தேறிவிடுவார் என்று துரைக்குத் தெரிந்துவிட்டது. ஏழாம் எண் வாசல், நடைமேடை, மனைவி வாங்கிய காலுறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன.

அப்போதுதான் பதினொரு வருடத்தில் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "இந்தச் சீப்பை எரித்தால் வருகிற புகையில் என்னென்ன கலந்திருக்கும்?"

கேட்டவருக்கே அது அநியாயம் என்று தெரியும். உலகத்தில் எந்த வியாபாரியும் அப்படிக் கேட்டதில்லை. இதற்கு எதையாவது உளறினால் போதும், பத்து மதிப்பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு குறைத்துவிடலாம். அந்தம்மா சீப்பை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்.

"தெரியாது சார். நான் எரிச்சுப் பாத்ததில்ல. பரிசோதனைக் கூடத்துல கேட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள உங்களுக்கு எழுதி அனுப்புறேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், கையோடு ஒரு தேதியும் சொல்லுங்கள். தேறியவர்களுக்கான பயிற்சி வகுப்பில் துரை முதல் நாள் நடத்துகிற பாடமே அதுதான். எத்தனையோ பேருக்கு நடத்தியிருக்கிறார். இந்த அறையில் ஒருவரும் அதைத் தானாகச் சொன்னதில்லை.

சீப்புக்காரம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பென்சிலை எடுத்து ஐம்பத்தெட்டு என்று எழுதினார். கையெழுத்து நன்றாகவே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கப் போவதில்லை. மேலாளர் தோளில் தட்டிக்கொடுப்பார். சீப்புக்காரம்மா அடுத்த வருடம் வருகிறேன் என்று நம்பிக்கையோடு படியிறங்கிப் போவார், அந்த அடுத்த வருடத்தில் பட்டறை இருக்குமோ என்னமோ. துரைக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இத்தனை வருடம் கட்டிக் காத்த வியாபாரியை இன்றைக்கு ஒருநாள் பொய்யனாக்கிவிட்டால், அதன்பிறகு அந்த ஊருக்கு எந்த முகத்தோடு போவது? அழித்தார். தாள் கொஞ்சம் கிழிந்தது. அதன்மேலேயே எழுபத்து நான்கு என்று பேனாவால் எழுதினார்.

கோட்டைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தார். "வாங்கம்மா, உட்காருங்க. டீ சொல்லட்டுமா?"

சீப்புக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நீங்க நல்லவர்தானா?"

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எவ்வளவு போட்டீங்க?"

"எழுபத்தி நாலு."

"எழுபத்தி நாலா? ஒரு அறுபத்தி ஒண்ணு போட்டா ஆகாதா?" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் காலுறைகளை எடுத்து வந்தாள். "இதை அந்தம்மாகிட்ட குடுத்துடுங்க. அளவு பெருசாத்தான் இருக்கும். ஒண்ணுமேல ஒண்ணு போட்டுக்கட்டும்." அவள் கண்ணைப் பார்த்ததும் துரை செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்குவதற்கு ஒன்றும் இல்லாத கடைத்தெருவுக்குப் போனார்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் மதியம் இரண்டரை மணி. அங்கே அப்போதுதான் காலையில் கண்காட்சி திறந்திருக்கும். மேலாளர் இல்லாத அலுவலகத்தில் பாதிப்பேர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவில்லை. யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் துரை மாடிக்குப் போய் ஏ.சி.யைப் பதினாறில் வைத்துக் கோட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைப்பேசி அடித்தது. திரையில் சீப்புக்காரம்மாவின் முகம், காதைச் சுற்றிக் கட்டிய துண்டோடு.

"சார்! ஏழாம் நம்பர் வாசல்லதான் வந்தோம். கூட்டமே இல்ல. நடைமேடை, கழிப்பறைக் காசு, எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே அச்சு அசல். அப்படியே உங்க பின்னாடி நடந்துவந்த மாதிரி இருக்கு சார்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஒண்ணே ஒண்ணு நீங்க சொல்லவே இல்லியே" என்றார்.

துரை கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "என்னம்மா?"

"உள்ளே குருவி பறக்குது சார். இவ்ளோ பெரிய கூரைக்குக் கீழ எப்படித்தான் வந்துச்சோ. நேத்துலேர்ந்து சுத்திக்கிட்டே இருக்கு."

பதினொரு வருடமாக ஒருவரும் அவரிடம் குருவியைச் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. போயிருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார்.

"மறந்துட்டேம்மா" என்றார்.

"ஐயையோ, ஆள் வர்றாரு சார்!" திரை தலைகீழாகச் சுழன்றது. முகம் போய்விட்டது. அந்தம்மா அழைப்பைத் துண்டிக்காமலே கைப்பேசியைத் தன் மேஜையில் மல்லாக்க வைத்துவிட்டார். இப்போது திரை முழுக்கக் கூரை. வெகு உயரத்தில் வெள்ளை இரும்புச் சட்டங்கள், நடுவே கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் வானம்.

துண்டித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோன துரை அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஓர் ஆண்குரல் ஏதோ சொன்னது. மொழிபெயர்ப்பாளர் அச்சடித்த மாதிரி எடுத்துச் சொன்னார். இந்த மரத்தை வெட்டியது யார்? துரையின் உதடுகள் கூடவே அசைந்தன. எந்த நிலத்தில்? கோப்புப் பிரிகிற சத்தம் கேட்டது. பல் உடைந்தால்? "ஒடைச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றது சீப்புக்காரம்மாவின் குரல். யாரோ சிரித்தார்கள். விலை என்ன? அந்தம்மா சொன்னார். ஒரு காசுகூடக் குறைக்காமல் இங்கே சொன்ன அதே விலை.

அதோடு அங்கே பேச்சு நின்றது.

துரை எழுந்து ஏ.சி.யை அணைத்தார். மூச்சுவிடுகிற சத்தம் அங்கே கேட்டுவிடப் போகிறது என்பதுபோல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். பேசாதேம்மா, பேசாதே என்று மனசு கெஞ்சியது. பத்து நொடி. இருபது. திரையின் இடது மூலையிலிருந்து குருவி வந்தது. இரும்புச் சட்டங்களுக்கு அடியில், அந்த வெளிச்சத்தில் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வலது மூலையில் மறைந்தது. அங்கே இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லை. துரை கோட்டின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, குருவி திரும்ப வருகிறதா என்று திரையில் அந்தக் கூரையைப் பார்த்தபடி இருந்தார்.