சுவருக்கு விட்ட வழி

பஸ் வரிசையில் இருபத்தெட்டாவது ஆளாக வந்து நின்றாள் தையல்காரி. எட்டு மணிக்குத் தங்கையை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். "உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்று நேற்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். வரப்போவதோ சின்ன பஸ். இருபது பேருக்கு மேல் ஏற்ற மாட்டான். அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான்.

எட்டிப் பார்த்தாள். வரிசையின் நடுவே நாலடிக்கு ஆளே இல்லை. அட, இவள் விடச்சொன்ன இடைவெளி! இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெரிய விளையாட்டுப் போட்டி ஊருக்கு வந்த பதினாறு நாளும், தொண்டர் சட்டையும் விசிலுமாக இதே நிறுத்தத்தில் நின்றவள் இவள்தான். அதுவரை இந்த ஜனம் பஸ்ஸில் எங்கே ஏறியது? பாய்ந்தது. "வரிசையா நில்லுங்க! மைதானத்துக்குப் போறவங்களுக்கு வழி விடுங்க!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். மத்தியானம் தங்கை சாப்பாடு கொண்டுவருவாள். இவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் விசிலைப் பிடுங்கி ஊதி ஊரையே கூட்டிவிடுவாள். என்ன நாட்கள் அவை! பிறகு மைதானத்தை இடித்தார்கள், வழியை அடைத்துச் சுவர் வைத்தார்கள். ஜனம் இன்னமும் அந்தச் சுவருக்கு வழிவிட்டு நிற்கிறது.

விறுவிறுவென்று போய் அந்த இடைவெளியில் நின்றாள்.

"அக்கா, அங்க நிக்காதீங்க. அது வழி" என்றாள் பக்கத்தில் நின்ற பெண். இருபது வயதுகூட இருக்காது.

"என்னம்மா வழி? சுவருதானே இருக்கு!"

"அது தெரியாது. அங்க யாரும் நிக்க மாட்டாங்க."

"விடச் சொன்னதே நான்தான்டி!"

"அப்போ நீங்களே நிக்கலாமா?" என்றார் பின்னால் ஒரு பெரியவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இவளுக்கு முகம் சிவந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "எட்டு மணிக்கு என் தங்கச்சிக்கு ஆபரேஷன். அதுக்குள்ள போகணும், அவ்வளவுதான்."

சிரிப்பு அடங்கியது. அந்தப் பெண் இவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் நிறுத்தினாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லலாம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்னாலேயே ஏறியிருப்பாள் என்றல்லவா நினைத்தாள்! காணோம். கதவு சாத்திக்கொண்டது. வெளியே, வரிசையின் கடைசியில், இவள் விட்டு வந்த இடத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.