அக்காவுக்காக ஒரு ஜெபம்

வேலையிலிருந்து வந்ததும் அக்கா முதலில் செருப்பைக் கழற்றுவாள். பிறகுதான் மற்றதெல்லாம். இன்று செருப்போடு அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரண்டாம் ஷிஃப்ட். நின்றபடியே ஈரப் போர்வைகளை இஸ்திரி மெஷினுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கிற வேலை.

எதிர்க் கட்டிலில் தங்கை வாலு தூங்காமல் கிடந்தாள். பத்தாவது படிக்கிற பெண்ணை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று சண்டை போட்டு ஓய்ந்தவள். இன்று அந்த வால் சுருண்டு கிடந்தது. விடிந்தால் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் அம்மாவையும் அப்பாவையும் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார் பாஸ்டர். அக்காவைப் பற்றிப் பேச வேண்டுமாம். அக்கா ஒன்றும் செய்யவில்லை என்று வாலுவுக்குத் தெரியும்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். கனவுலதான் பேசிட்டிருக்கேன். சொல்லு."

வாலு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

எல்லாம் பாடகர் குழுவில் ஆரம்பித்தது. அக்கா பாடினால் சபையில் இருமுகிறவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள். தனிப்பாட்டு எப்போதும் அவளுக்குத்தான். ஒருநாள் ஒத்திகையில், குழுவை நடத்துகிற கீபோர்டு மாமா எல்லார் முன்னாலும் வாலுவிடம், "ஏம்மா, நீயும் அதே வயித்துல பொறந்தவதானே? அக்காவைப் பாத்தாவது பாடேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாலுவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே தங்கிவிட்டது. அதன்பிறகு அக்கா தலை வாரிவிட்டாலும் எரிந்தது, தட்டில் சாப்பாடு எடுத்து வைத்தாலும் தொண்டையில் இறங்கவில்லை.

பெண்கள் ஜெபக் கூட்டத்தின் முடிவில் ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்வது வழக்கம். ஒருத்திக்கு முட்டுவலி, ஒருத்திக்கு மகனுடைய வேலை. வாலுவின் முறை வந்தது.

"எங்க அக்காவுக்காக ஜெபிச்சுக்கோங்க. ராத்திரியில பாத்ரூம் பைப்பைத் திறந்து விட்டுட்டு அழறா. என்னன்னு வெளியில சொல்ல முடியாது."

அழுதது நிஜம். ஏன் என்று வாலுவுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல முடியாதுதானே? அப்படித்தான் அவள் தன் மனசாட்சிக்குக் கணக்குச் சொன்னாள்.

டெய்லர் ஆன்ட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வயசுப் பொண்ணாச்சே ஆண்டவரே" என்று முனகினார். மீதியை "வயசுப் பொண்ணு" என்ற அந்த வார்த்தையே பார்த்துக்கொண்டது. யாரும் வம்பு பேசவில்லை. எல்லோரும் ஜெபிக்கத்தான் சொன்னார்கள். அந்த விண்ணப்பம் போன் வழியாக வீடு வீடாகப் போய்த் திரும்பி வந்தபோது அக்காவுக்கு ஒரு காதலன் இருந்தான், அவனுக்கு ஒரு மனைவியும் இருந்தாள். கீபோர்டு மாமா அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றார். தனிப்பாட்டு வாலுவுக்கு வந்தது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஒத்திகையில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

"நான்தான்க்கா," என்றாள் இப்போது. மீதி எல்லாம் அழுகையோடு கலந்து கொட்டியது.

அக்கா அசையவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"பைப் சத்தம் இந்த ரூமுக்கு மட்டும்தானே கேக்கும்."

"அப்ப ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா இல்லன்னு பொய் சொல்லுவ. அப்புறம் உன் மூஞ்சிய எப்படிடி பாக்கிறது?"

வாலு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நீ எதுக்குக்கா அழுத?"

"கால் வலிச்சுது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஒரு ஷிஃப்ட் நின்னு பாரு, நீயும் பைப்பைத் திறப்ப."

"ஆண்டவர் என்னை மன்னிப்பாரா?"

"அவர் மன்னிச்சிருவார். எனக்குத்தான் கொஞ்ச நாள் ஆகும்." அக்காவின் குரலில் கோபம்கூட இல்லை, அத்தனை அலுப்பு. "அம்மாவும் அப்பாவும் பாஸ்டர் ரூமுக்குள்ள தலை குனிஞ்சு போறதுக்கு முன்னாடி நீ சொல்லிரணும்."

"எல்லார் முன்னாடியுமா? பயமா இருக்குக்கா."

"எல்லார் காதுக்கும்தானே போச்சு? போன வாரம் என் பெஞ்சுல ஒருத்தரும் உக்காரல. எனக்கும்தான் பயமா இருந்துது."

வாலு இறங்கிப் போய் அக்காவின் செருப்பைக் கழற்றினாள். வீங்கிய பாதத்தில் வார் பதிந்து கிடந்தது. அக்கா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

காலையில் தனிப்பாட்டு நேரம் வந்தது. கீபோர்டு மாமா முன்னிசையை வாசித்துவிட்டுத் தலையசைத்தார். மைக் முன்னால் நின்ற வாலு பாடவில்லை. மாமா மறுபடியும் வாசித்தார். இந்த முறை கொஞ்சம் எரிச்சலாக.

"எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு," என்றாள் வாலு.

கீபோர்டு நின்றது. முன்வரிசையில் டெய்லர் ஆன்ட்டி வழக்கம்போலக் கண்ணை மூடித் தலையைக் குனிந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். கடைசி பெஞ்சில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணைத் திறங்க ஆன்ட்டி," என்றாள் வாலு. குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "இது ஜெபிக்கிறதுக்கு இல்ல. கேக்கிறதுக்கு."