முகாமில் கொட்டிய சாவுப்பறை

சப்பிரகமுவ மலைகளின்மேல் மூன்று நாள் விடாது பொழிந்த மாரி அன்று பிற்பகலில் ஓய, முகில் கிழிந்த இடைவெளியிலே வெளிறிய ஞாயிறு தோன்றி, கொடகவெலச் சரிவுகளில் அடுக்கடுக்காய்ப் படிந்த தேயிலைப் பசுமையையும், பட்டை கீறப்பட்டு நின்ற இறப்பர் நிரைகளையும், அவற்றின் அடியிலே முள்வேலி சூழக் கிடந்த படைமுகாமையும் ஈயத்தின் நிறத்தில் காட்டிற்று. வடக்கே போர் உச்சங்கொண்டிருந்த காலம் அது. அம்முகாமின் இளைஞர் நூற்றுவர் மறுநாள் விடியலில் களத்துக்குப் புறப்படவிருந்தனர். அவர்தம் நெஞ்சுக்கு உரமூட்டவென்று தலைநகரிலிருந்து வந்திருந்தாள், நாடெங்கும் புகழ்பெற்ற பாடகி செனூரி.

அவள் வந்தாள், அவளுடைய இசைக்குழு வரவில்லை. இரத்தினபுரிச் சாலையில் மண்மேடு சரிந்து கருவிகள் ஏற்றிய ஊர்தியை மறித்துவிட்டது. ஆகவே முகாமின் தலைவன் மேட்டுத் தோட்டத்துப் பறைகொட்டிகளை அழைப்பித்தான். அவர்களுள் மூத்தவன் காத்தமுத்து. அவனுடைய ஒரே மகன் கிருஷ்ணகுமார், ஐயத்தின்பேரில் பிடிபட்டுப் பதினொரு நாளாக அதே முகாமின் பின்கட்டடத்தில் அடைபட்டுக் கிடந்தான். தலைவன் சுருங்கச் சொன்னான்: வீரர்கள் எழுந்து ஆடினால் மகன் காலையில் வீடு திரும்புவான்.

அதைத் தமிழில் எடுத்துரைத்தவன் சுரங்க. தோட்டத்தை அடுத்த சிங்களச் சிற்றூரிலே பிறந்து, தோட்டத்துப் பிள்ளைகளோடு ஓடையில் குளித்து வளர்ந்து, இப்போது படையுடை தரித்து, மறுநாள் புறப்படும் நூற்றுவருள் ஒருவனாய் நின்றவன்.

காத்தமுத்து முதலில் திருவிழாக் கொட்டை முழக்கினான், பின்னர் மணக்கொட்டை. செனூரி பாடினாள், சிரித்தாள், கைகளை அசைத்து அழைத்தாள். காய்ச்சிய இரும்பு நீரில் விழுந்து குளிர்வதுபோல அவள் குரல் அவர்கள் நடுவே விழுந்து அடங்கிற்று. நாளைய சாவை இன்றே மடியில் வைத்திருந்த அவ்விளைஞர் ஒருவரும் எழவில்லை.

"மாமா, லொக்காவுக்குக் கோவம். அடி பத்தாதாம்," என்றான் சுரங்க, தலைவனைக் கண்ணால் காட்டி.

எஞ்சியிருந்தது ஒன்றே. பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுகாடு செல்லும்போது அத்தோட்டத்தார் கொட்டும் கொட்டு. துயரத்தால் கனத்த கால்களையும் பாடைக்கு முன்னே துள்ளி ஆடவைப்பதற்கென்றே அமைந்ததாகலின், அவர்கள் அறிந்த கொட்டுகளுள் விரைவு மிகுந்தது அதுவே.

உடன் கொட்டிய சதீஸ் அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். "அண்ணே, அது வேணாம்ணே. சண்டைக்குப் போற புள்ளைங்க."

"உள்ள கெடக்கிறதும் புள்ளதாண்டா. அடி."

பறை அதிர்ந்தது. முதலில் ஒருவனின் முழங்கால் ஆடிற்று. பின்னர் ஒரு வரிசை எழுந்தது. பின்னர் நூற்றுவரும் காட்டாறு கரைபுரண்டாற்போல் எழுந்து, சேறு தெறிக்கக் கூவி ஆடினர். செனூரி களிப்பால் முகம் மலர்ந்து இன்னும் விரைவு கேட்டாள். தலைவன் புன்னகைத்தான்.

சுரங்க மட்டும் ஆட்டத்தின் நடுவே நின்றுவிட்டான். பறையருகே வந்து குனிந்தான்.

"மாமா, இது நம்ம தோட்டத்து ஜெயம்மா அக்கா செத்து, தூக்கிட்டுப் போனப்ப அடிச்சதுதானே?"

காத்தமுத்துவின் கை நிற்கவில்லை. கண்கள் மட்டும் அவனை இரந்தன. மேடையிலிருந்து தலைவன் சிங்களத்தில் அதட்டினான்: என்ன அங்கே பேச்சு? சுரங்க பின்கட்டடத்தை ஒருமுறை நோக்கினான். பின்பு நிமிர்ந்து, அடி நன்றாயிருக்கிறதென்று பாராட்டுகிறேன் என விடையிறுத்தான்.

"என்னையத் தூக்குறப்ப எங்க ஊருல இதை அடிக்க மாட்டாங்க மாமா," என்றான் மெல்ல. "பரவாயில்ல, இப்பவே நல்லா அடிங்க." சொல்லிவிட்டு எல்லார்க்கும் முன்னே போய், பாடைக்கு முன் ஆடும் தோட்டத்தான்போல் கைகளை விரித்து ஆடினான்.

கிருஷ்ணகுமார் காலையில் வந்தான்; வலக்கையின் இரு விரல்கள் பின்னர் ஒருபோதும் மடங்கவில்லை. ஆடும் வீரர்களின் நடுவே செனூரி நிற்கும் படம் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. மகிழ்ந்து களம் புகுந்த மறவர் என்று அதன்கீழ் எழுதியிருந்தனர்.

நாற்பதாம் நாள், திறக்கலாகாதென்று முத்திரையிட்ட பெட்டியொன்று சாவுக்குக் கட்டிய வெண்கொடிகள் அசையும் சாலை வழியே சுரங்கவின் சிற்றூருக்குச் சென்றது. காத்தமுத்து பறையைத் தோளில் மாட்டியவாறு தோட்டத்து எல்லையில் வந்து நின்றான். பெட்டி கடந்து போகும்வரை குச்சியை எடுக்கவில்லை. ஒருவனுக்கு அக்கொட்டை இருமுறை கொட்டும் வழக்கம் அத்தோட்டத்தில் இல்லை.