கட்டிப் பெருங்காயம்

பெருங்காயம் தீர்ந்துபோயிருந்தது. ஜெசிந்தா டப்பாவைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். வாசனை மட்டும்தான் வந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அலமாரியில் இருந்த போனை எடுத்தாள். தாவீதின் பெயரைத் தொட்டு, மைக் படத்தின் மேல் கட்டை விரலை வைத்தபடியே பேசினாள்.

“யோவ், பெருங்காயம் இல்ல. கட்டி வாங்கினு வா. தூளு வாணாம். தூளு வாங்கினு வந்தே, அத்தயே கரைச்சு உனுக்குக் குடிக்கக் குடுத்துடுவேன். முனைக் கடையில கேக்காத, அவங்கிட்ட தூளுதான் கீது. ரோட்டாண்ட போ. சரி, வந்துட்டியா? உள்ள வா.”

விரலை எடுத்தாள். செய்தியின் ஓரத்தில் சின்னக் கடிகாரம் ஒன்று வந்து உட்கார்ந்தது. இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அவள் அதைக் கவனிக்கவில்லை. போனை வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனாள்.

அந்தப் போனில் சிம் கிடையாது. முதலில் அது தாவீதின் போன். ஒருநாள் வேனிலிருந்து இறங்கும்போது கீழே போட்டான். கண்ணாடி பிழைத்தது, சிம் செருகும் இடம் போய்விட்டது. அவன் புதுசு வாங்கிக்கொண்டான், பழையது அவளிடம் வந்தது. அவளுக்கென்று ஒரு பட்டன் போன் உண்டு. அவள் ஆயா வேலை பார்க்கும் அங்கன்வாடியிலிருந்து கூப்பிடுவதற்கும், சித்தாமூரில் இருக்கும் அக்கா திட்டுவதற்கும் அது போதும். அந்த எண்ணையே போட்டு, அதற்கு வந்த ரகசிய எண்ணைப் பார்த்துப் பார்த்து இதில் அடித்து, மகள் ஜெனிஃபர்தான் வாட்ஸ்அப்பை ஏற்றிக் கொடுத்தாள். நெட் மட்டும் தாவீதின் போனில். சாயங்காலம் அவன் வந்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டால்தான் இந்தப் போனுக்கு உயிர் வரும்.

தாவீது மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக்கு வேன் ஓட்டினான். படாளத்திலிருந்து விடிகாலையில் பைக்கில் போய், வேனை எடுத்து, விருந்தாளிகளை ஏற்றி இறக்கிவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்புவான். வண்டி ஓட்டும்போது போன் பண்ணக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். கல்யாணமான புதிதில் போட்டது. அவளும் மீறியதில்லை. ஆனால் பகல் முழுக்கச் சொல்வதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. அதையெல்லாம் இந்தப் போனில் சொல்லி வைத்தாள். சொன்னதெல்லாம் கடிகாரத்தோடு வரிசையில் காத்திருக்கும். தெருவில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி பஞ்சாயத்துக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. தாவீது அங்கே பைக்கை நிறுத்தி ஹாட்ஸ்பாட்டைப் போடுவான். பைக் சத்தத்தை அவள் காது பிரித்தெடுப்பதற்குள் அலமாரியில் போன் டிங் டிங் என்று அடிக்கும். அவன் வந்துவிட்டான் என்பது முதலில் போனுக்குத் தெரியும், அப்புறம்தான் அவளுக்கு.

தொட்டியடியில் நின்றே அவன் எல்லாவற்றையும் கேட்பான். பிரச்சினை என்னவென்றால், வாங்கி வரச் சொன்னதும் அதில்தான் இருக்கும். வீட்டுக்கு இவ்வளவு பக்கம் வந்த பிறகுதான் பால் இல்லை என்பதே அவனுக்குத் தெரியும். பைக்கைத் திருப்பிக்கொண்டு மறுபடி கடைக்குப் போவான்.

“ஏண்டி, இத்த காலையிலயே சொல்ல மாட்டியா?”

“காலையில பால் இருந்துச்சே.”

“அப்ப போன்ல சொல்லு.”

“போன்லதான சொன்னேன்.”

தெருவே சிரிக்கும். எதிர்வீட்டு செங்கம்மாள், “தாவீது ரெண்டு தபா வூட்டுக்கு வர்ற ஆளு” என்பாள். அவனும் மாற்றிக்கொள்ளவில்லை, அவளும் மாற்றிக்கொள்ளவில்லை. கேட்கிற ஆள் எப்படியும் தெருவிலேயேதான் நிற்பான் என்பதால், எதைச் சொன்னாலும் கடைசியில் “வந்துட்டியா? உள்ள வா” என்று முடிப்பது அவளுக்குப் பழகிவிட்டது.

அன்று சாயங்காலம் இந்தப் போன் அடிக்கவில்லை. பட்டன் போன்தான் அடித்தது. விடுதியின் காவலாளி பேசினார். நிறுத்துமிடத்தில் நிழலில் வேனை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தானாம். தூங்குகிறான் என்று யாரும் எழுப்பவில்லையாம். ஜெசிந்தா “சரிங்க” என்றாள். அவர் இன்னும் ஏதோ சொன்னார். அதற்கும் “சரிங்க” என்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள். குழம்பு பெருங்காயம் இல்லாமலேயே கொதித்திருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, கோயில், கல்லறை எல்லாம் நடந்தன. யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். அவள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அழவில்லை என்று அக்கா கவலைப்பட்டாள். தாவீதின் பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். போன் சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. தாவீதின் தம்பி சாம், கருங்குழியில் இருப்பவன், எலெக்ட்ரீஷியன் வேலை, “விடுதிக்காரங்க கூப்புடுவாங்க அண்ணி, நான் வச்சிக்கிறேன்” என்று அதை எடுத்துக்கொண்டு போனான்.

சிம் இல்லாத போன் அலமாரியிலேயே இருந்தது. ஜெசிந்தா தினமும் சார்ஜ் போட்டாள். கரண்ட் போனால் டார்ச் அடித்தாள். காலையில் அலாரம் அதில்தான். நெட் இல்லாததால் அதன் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திக்கொண்டு வந்தது. கோயில் மணி அடித்த பிறகுதான் அலாரம் அடித்தது. அவள் அதைச் சரி செய்யவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு ஜெனிஃபர் நாவலூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, பையிலிருந்து ஒரு புதுப் போனை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

“ம்மா, இதுல சிம் போட்டுத் தரேன். வீடியோ கால் பண்ணலாம். நீ இங்க தனியா இன்னா பண்றியோன்னு எனக்கு ஆபீஸ்ல உட்காரவே முடியல.”

“இன்னா பண்ணுவேன். சோறாக்குவேன்.”

“பழைய போனக் குடு. அதுல கீறதெல்லாம் இதுக்கு மாத்தணும். ஒரு நிமிஷம் என் ஹாட்ஸ்பாட் குடுத்தா போதும்.”

பழைய போன் ஜெனிஃபர் கைக்குப் போய்விட்டது. அவள் விரல் வேகமாக நகர்ந்தது, பிறகு நின்றது. திரையில் அப்பாவின் பெயர். கீழே வரிசையாகக் கடிகாரங்கள்.

“ம்மா, இதெல்லாம் இன்னும் போகல.”

“தெரியும்.”

“நெட்டு குடுத்தா போயிடும்.”

“அதான் வாணாம்ன்றேன்.”

“எங்கம்மா போகும்? அப்பா போன்தான் அணைஞ்சு கிடக்கு. ஒரு டிக்கோட நிக்கும், அவ்ளோதான்.”

“கடிகாரத்தோடவே நிக்கட்டும்.”

ஜெனிஃபர் அவளைப் பார்த்தாள். தாவீது தொட்டிக்கு இந்தப் பக்கம் வந்தால்தான் அவை போகும். அப்படித்தான் எப்போதும். வேறு எந்த வழியாகவும் அவை போகக் கூடாது. அவளிடம் இருந்தது அவ்வளவுதான். ஆனால் அது மாறாமல் இருக்க வேண்டும் என்பதில் அவள் கெட்டியாக இருந்தாள். இரும்புக் கம்பியைப் பிடித்த மாதிரி, வலியும் இல்லை, விடவும் இல்லை.

“நீ பேஜாரு பண்ணாத ஜெனி. அந்தப் போனு அதுபாட்டுக்குக் கிடக்கட்டும். உனக்குப் பேசணும்னா பட்டன்ல கூப்புடு.”

“பட்டன்ல மூஞ்சி தெரியாதே.”

“என் மூஞ்சிய நீ பாக்காததா?”

ஜெனிஃபர் சிரிக்கப் பார்த்து அழுதாள். புதுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு ஜெசிந்தா கவனமாக இருந்தாள். கோயிலில் நெட் உண்டு என்று கேள்விப்பட்டதால் போனைக் கோயிலுக்கு எடுத்துப் போகவில்லை. அங்கன்வாடி டீச்சர் ஏதோ படம் அனுப்ப வேண்டும் என்று கேட்டபோது, ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் பயமில்லை. அந்தப் போனுக்குத் தெரிந்த நெட் உலகத்தில் ஒன்றுதான். அது கருங்குழியில் அணைந்து கிடந்தது.

அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, வெயில் இறங்குகிற நேரம். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அலமாரியில் போன் டிங் என்றது. பிறகு டிங் டிங் டிங் என்று நிற்காமல் அடித்தது.

அவள் எழுந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். தம்ளரைக் கழுவினாள். தண்ணீரில் டீத்தூளைப் போட்ட பிறகுதான், என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

போனை எடுத்தாள். மேலே ஓரத்தில் நெட் வந்திருந்தது. நேரம் தானாகச் சரியாகியிருந்தது. எங்கெங்கிருந்தோ ஆறுதல் செய்திகள் வந்து கொட்டிக்கொண்டிருந்தன. தாவீதின் பெயரைத் தொட்டாள். கடிகாரங்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் இரண்டிரண்டு டிக் கோடுகள், போய்ச் சேர்ந்துவிட்டன என்று.

ஒரே தொடலில் வைஃபையை அணைத்துவிடலாம். அந்த இடம் அவளுக்குத் தெரியும். விரல் அங்கே போய் நின்றது. போனது போய்விட்டது, இனி அணைத்து என்ன என்று விரலுக்கே தெரிந்த மாதிரி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் நீலமாயின. யாரோ திறந்துவிட்டார்கள். பிறகு முதல் செய்தியின் மைக் படம் நீலமானது, அதைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். ஈரத் துண்டை மெத்தை மேல் போட்டதற்காகத் திட்டியது அது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது. கேஸ் வந்தது, சிலிண்டரைத் தூக்கி வைக்க ஆள் இல்லை என்று சொன்னது. அடுத்தது, அங்கன்வாடியில் ஒரு வாண்டு அவளை ஆயா என்று கூப்பிடாமல் ஜெசி என்று கூப்பிட்டது. அது நீலமாக நேரம் எடுத்தது. நீளமான செய்தி, அவளே அதில் சிரித்திருப்பாள். கடைசியாகப் பெருங்காயம்.

அதுவும் நீலமானது.

தெருவில் சத்தம் இல்லை. அவள் வாசலுக்குப் போகவில்லை. டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அப்போது தொட்டிப் பக்கம் ஒரு பைக் உதை வாங்கிக் கிளம்பியது. வீட்டுப் பக்கம் வரவில்லை. திரும்பி, தெருமுனைக்குப் போய், சத்தம் தேய்ந்தது. போனில் நெட் போய்விட்டது.

எதிர்வீட்டில் செங்கம்மாள் எழுந்து நின்று தெருமுனையையே பார்த்தாள்.

ஜெசிந்தா அடுப்பைத் துடைத்தாள். மறுபடி டீ போட்டாள், இந்த முறை இரண்டு தம்ளருக்கு. பைக் திரும்பி வந்தது. போன் ஒரு தடவை டிங் என்றது. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

சாம் நிலைப்படியில் நின்றான். ஒரு கையில் அண்ணனின் போன், ஒரு கையில் சின்னக் காகிதப் பொட்டலம். கண் சிவந்திருந்தது.

“உள்ள வாப்பா.”

வந்து தரையில் உட்கார்ந்தான்.

“ரீசார்ஜ் பண்லன்னா நம்பர எடுத்துடுவாங்கன்னு மெசேஜ் வந்துச்சு அண்ணி. வேற எவனோ அண்ணன் நம்பர்ல பேசுவானேன்னு போட்டுட்டேன். சரி, உங்கையில குடுத்துடலாம்னு வந்தேன். அண்ணன் அந்தத் தொட்டியாண்ட நின்னுதான ஹாட்ஸ்பாட் போடுவான். நானும் அங்க நின்னு போட்டேன். உனுக்கு நெட்டு வரட்டுமேன்னுதான்.”

“ம்.”

“வந்துச்சு. உன் குரலு.” அவன் மூக்கை உறிஞ்சினான். “நான் கேட்டிருக்கக் கூடாது.”

அவள் டீயை அவன் முன்னால் வைத்தாள்.

“கேட்டா இன்னா. பெருங்காயம்தான சொன்னேன்.”

“கடைசியில உள்ள வான்னியே அண்ணி. எனுக்குக் காலு வரல. அதான் முதல்ல கடைக்குப் போயிடலாம்னு…”

அவள் பொட்டலத்தை வாங்கினாள். பிரிக்காமலேயே தெரிந்தது, விரலுக்கு மெத்தென்று இருந்தது.

“தூளா?”

“ரோட்டுக் கடை பூட்டிக் கெடக்குது அண்ணி. முனைக் கடையிலதான் வாங்கினேன். கட்டி கேட்டேன். இன்னிக்குக் கேட்டா இல்லன்றான், நாளைக்கு வருமான்னு கேட்டாலும் இல்லன்றான்.”

“உங்கண்ணனும் இத்தயேதான் சொல்லுவாரு.”

சாம் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தான். சூடு பொறுக்காமல் உதட்டைச் சுட்டுக்கொண்டான். அவள் தாவீதின் போனை வாங்கி, தன் போனுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்தாள். ஹாட்ஸ்பாட்டை அணைக்கட்டுமா என்று அவன் கேட்டான். இருக்கட்டும் என்றாள்.

பெருங்காய டப்பா அப்போதும் காலியாகத்தான் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து, தூளை அதில் கொட்டி, மூடியை அழுத்தினாள்.

முனைக் கடையில் இன்றைக்கும் தூள்தான் கிடைக்கிறது.