நாணல் வரப்பு

விடிவதற்குள் லுக்கூஸ் ஆற்றுச் சமவெளியில் முப்பது பெண்கள் குனிந்து ஸ்ட்ராபெரி பறித்துக்கொண்டிருந்தார்கள். பனியீரம் முழங்கை வரை ஏறியது. பூச்சிமருந்து பட்டு வெடித்த விரல்கள் எரிந்தன. மென்னானாவுக்கு வயிறும் சேர்ந்து எரிந்தது. எதிரே ஷுஐபியா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மேஸ்திரியாக நடந்தாள். இருவரும் ஒரே வருடம் வேலைக்கு வந்தவர்கள். கை வேகம் மென்னானாவுக்கு, பதவி மட்டும் அவளுக்கு.

முதலாளி இத்ரீஸ் வந்து, வயலுக்கும் சதுப்பு ஏரிக்கும் நடுவே நின்ற நாணலைக் காட்டினார்.

"அதை வெட்டினா இன்னும் நாலு பாத்தி போடலாம். இது துவீஸா. எல்லாரும் கை கொடுங்க."

துவீஸா என்று ஊர் உதவிக்கு அழைத்தால் கூலி கேட்கக் கூடாது. வர மறுக்கவும் கூடாது.

"துவீஸா விதவை வயலுக்கு, சீக்காளி வீட்டுக்கு," என்றாள் ஷுஐபியா. "உங்களுக்கு என்ன குறைச்சல், மொதலாளி? உங்க மருந்துத் தண்ணிய அந்த நாணல்தான் வடிகட்டுது. அதுக்கு அந்தாண்டதான் எங்க கிணறு."

"பூட்ஸைக் கழட்டு. மென்னானா, இனி நீதான் மேஸ்திரி. அரிவாளை எடு."

ஷுஐபியா வெறுங்காலோடு போய் வரப்பில் உட்கார்ந்தாள். பொய் சொல்வானேன், அதைப் பார்க்க மென்னானாவுக்கு இனித்தது. அந்தப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, அரிவாளோடு அவளைத் தாண்டி நாணலுக்குள் இறங்கினாள்.

இந்தப் பக்கம் மருந்து நுரை. அந்தப் பக்கம் தரை தெரியும் தண்ணீர். முதல் வீச்சிலேயே ஒரு நீலத் தாழைக்கோழி அலறி எழுந்தது. கூட்டில் ஆறு முட்டைகள் இருந்தன. போன வருடம் பக்கத்துப் பண்ணையில் நாணலை அழித்தார்கள். அந்த ஊர்க் கிணறு கெட்டு, பெண்கள் இன்று கழுதைமேல் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். இது மென்னானாவுக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறந்து சொன்னவள் ஷுஐபியா. பூட்ஸைவிட அந்தப் பொறாமைதான் அதிகமாகக் கடித்தது.

மேலே வந்து அரிவாளைக் கீழே போட்டாள்.

"வெட்ட மாட்டேன், மொதலாளி. கூட்டத்துல யாரும் வெட்ட மாட்டாங்க."

"நாளைக்கே வேற ஆள் கொண்டு வருவேன்."

"கொண்டு வாங்க. அவங்க ஊர்லயும் கிணறு இருக்கும்."

பூட்ஸைக் கழற்றி அவர் காலடியில் வைத்துவிட்டு வரப்புக்குப் போனாள்.

"நீ மட்டும் நல்ல பேர் வாங்கிட்டுப் போயிடலாம்னு பாத்தியா? நகருடி."

ஷுஐபியா நகர்ந்தாள். பழம் ஏற்ற வந்த லாரி உறுமிக்கொண்டு நின்றது. வயலில் ஒருத்தி பாதி நிறைந்த கூடையை இறக்கி வைத்தாள், பிறகு அடுத்தவள்.