முழங்காலுக்கு அடியில் ஒரு சோழி

பல்லாங்குழி மாதிரியான சுங்கா பலகையை வீட்டுக்குள் வைத்து ஆடினால் வீடு தீப்பற்றும் என்பார்கள். அதனால் நானும் அக்கா பெலெனும் மூங்கில் வீட்டுக்கு அடியில், மணலில் உட்கார்ந்துதான் ஆடுவோம். எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. ஒரு தடவைகூட அவளை நான் ஜெயித்ததில்லை.

அன்று அம்மா கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றேகால் வயதுத் தங்கை லூமிங் எங்கள் பொறுப்பில் இருந்தாள். அக்கா அசந்த நேரம் பார்த்து அவள் ஜெயித்த சோழிகள் கிடந்த பெரிய குழியிலிருந்து ஒன்றை எடுத்து என் முழங்காலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

ஆட்டம் முடிந்து எண்ணினோம். தொண்ணூற்றெட்டில் ஒன்று குறைந்தது.

"எடுடி கள்ளி. எங்க வச்சிருக்க?"

"நான் எடுக்கலக்கா. உனக்குத்தான் எண்ணத் தெரியல."

சொல்லிக்கொண்டே முழங்காலுக்கு அடியில் கையை விட்டேன். வெறும் மணல். பக்கத்தில் லூமிங் இருமினாள். பிறகு மூச்சை இழுக்கும்போதெல்லாம் விசில் போல ஒரு சத்தம் வந்தது.

அம்மா ஓடிவந்து அவளைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். சோழி வரவில்லை. ஆஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம், டவுனில். படகுக்கார டொமிங் மாமா வந்து கரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். தண்ணீர் வற்றிப்போய்ப் படகு சேற்றில் கிடந்தது. ஐந்து ஆண்கள் சேர்ந்து தள்ளியும் நகரவில்லை.

"எப்பண்ணா தண்ணி ஏறும்?" என்று அம்மா கேட்டாள்.

"மூணு மணிநேரம் ஆகும்மா."

அம்மா சேற்றின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ எண்ணெய் கொண்டுவந்து தடவினார்கள், யாரோ ஜெபமாலை சொன்னார்கள். லூமிங்கின் உதடு நீலம் பாரித்தது. கடல் தன் பாட்டுக்கு மெல்ல மெல்ல வந்தது.

படகு மிதந்ததும் நாங்களும் ஏறினோம். பாதித் தூரத்தில் விசில் சத்தம் நின்றுவிட்டது. அம்மா படகைத் திருப்பச் சொல்லவில்லை, மாமாவும் திருப்பவில்லை. டவுன் வரைக்கும் போனோம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பிள்ளை பக்கத்தில் சோழியை விட்டது யார் என்று கேட்டார்கள்.

"நான்தான். நான்தான் கவனிக்காம விட்டேன்" என்றாள் அம்மா.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வந்தவர்களுக்குக் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.